பிள்ளைத்தாச்சி வண்டி

கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி, கீழே இறங்கி, வளைவு வரைக்கும் நடந்துபோய், எதிரே வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து ஏறி ஓட்டிய ஒரு டிரைவரை எனக்குத் தெரியும். கதை விடவில்லை. மூடுபனி இறங்கிய காலைகளில் அப்படித்தான் செய்வார். போடியிலிருந்து மலைமேல் இருக்கும் மெட்டுக்கு ஏறும் பாதையில் பதினேழு வளைவுகள். பனி கனமாக இருந்தால் பதினேழிலும் இறங்குவார். உள்ளே பதினைந்து பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தி கால்மேல் இன்னொருத்தி கால் கிடக்க, உட்கார்ந்திருப்பார்கள். யாராவது முனகினால் அவர் திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

"மல எங்கயும் ஓடிறாதுக்கா. நாமதான் போயிருவோம்."

அவர் பெயரை எழுதப்போவதில்லை. குடும்பம் இன்னும் போடியில்தான் இருக்கிறது. என் அம்மா அவரைத் தம்பி என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கும் என் அக்காவுக்கும் அவர் மாமா. ஒல்லியான ஆள், கழுத்துப் பொத்தான்வரை போட்ட காக்கிச் சட்டை, சத்தமில்லாத பேச்சு. டீயை ஆற்றி ஆற்றி, ஆவி அடங்கிய பிறகுதான் வாயில் வைப்பார். குரங்கு குறுக்கே உட்கார்ந்தால் ஹாரன் அடிக்க மாட்டார், அதுவாக எழுந்து போகட்டும் என்று நிற்பார். பயந்த சுபாவம் என்று ஊரில் சொன்னார்கள். எனக்கு இப்போது அது சரியாகப் படவில்லை. பயந்தவர் அந்த மலையில் தினமும் வண்டி ஓட்ட மாட்டார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிந்ததும் ஜீப்பில் ஏறி, மெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போவார்கள், சாயங்காலம் இறங்குவார்கள். அம்மா இருபது வருஷம் போனாள். பள்ளிக்கூட லீவில் நானும் போயிருக்கிறேன். புடவைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, காலில் அட்டை ஏறாமல் இருக்கத் தடவிய புகையிலைத் தண்ணீர். ஸ்டாண்டில் ஏழெட்டு ஜீப்புகள் வரிசையாக நிற்கும். எதில் வேண்டுமானாலும் ஏறலாம். மாமாவின் ஜீப்பில் மட்டும், கிளப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு.

"யாராச்சும் மாசமா இருக்கீகளா? இருந்தா முன்னாடி வந்துருங்க. வெக்கப்படாதீக."

வந்தவளுக்கு டிரைவர் பக்கத்து சீட்டு. கீழே இரண்டு சாக்கை மடித்துப் போடுவார். வளைவுக்கு வளைவு, "இப்ப இந்தப் பக்கம் சாயும், கம்பியப் புடிச்சுக்க தாயி" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவார். எங்கள் தெருவில் ஒருத்தி எட்டாம் மாதம் முடியும்வரை அவர் ஜீப்பில் போய்வந்து, ஒரு குறையும் இல்லாமல் பிள்ளை பெற்றாள். குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அவள்தான் சொன்னாள்: "அது புள்ளத்தாச்சி வண்டியாக்கும். தொட்டில்ல வச்சு ஆட்டுற மாதிரி கொண்டுபோவாக." அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. அன்போடு வைத்த பெயர். மாமா அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இடத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு முதல் பாடமே, சமூகம் தனிமனிதரின் நடத்தையை எப்படி வடிவமைக்கிறது என்பதுதான். வடிவமைக்கிறதாம். குயவர் மண்ணைத் தடவுகிற மாதிரி எவ்வளவு நாசூக்கான வார்த்தை! குடும்பம், நண்பர் குழு, பணியிடம் என்று வரிசையாகப் போட்டு, பாராட்டும் கேலியும் நடத்தையை ஒழுங்குபடுத்தும் கருவிகள் என்று அச்சடித்திருக்கிறார்கள். உதாரணம் கேட்டால் பள்ளிச் சீருடை, கல்யாணப் பந்தி என்று எதையாவது சொல்லித் தப்பித்துவிடுகிறேன். மாமாவைப் பற்றி ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. சொன்னால் குரல் உயர்ந்துவிடும்.

பெண்கள் வைத்த பெயர் ஆண்கள் கைக்குப் போனது. ஸ்டாண்டில் ஒருவர் இருந்தார். அவர் ஜீப்புதான் தினமும் முதலில் கிளம்பும், முதலில் போய்ச்சேரும். எல்லாரும் அவரை 'முதல் வண்டி' என்றே சொல்வார்கள். அவர் என்ன சொல்லிச் சிரித்தாலும் ஸ்டாண்டு முழுக்கச் சிரிக்கும், சிரிக்காதவனைத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் காலையில் அவர் மாமாவின் ஜீப்பு பானெட்டில் ஒரு மாங்காயை வைத்தார்.

"என்ன மாப்ளே, வண்டிக்கு மசக்கயாம்ல? புளிப்பாக் கேக்குதாம். வச்சுக்க."

மறுநாள் இரண்டு மாங்காய். அதற்கு மறுநாள் புளியம்பழம். மாமா என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்து உப்பும் மிளகாய்ப்பொடியும் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். மாங்காயைக் கீற்றுப் போட்டு ஜீப்பில் இருந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தானும் தின்றார். முதல் வண்டிக்காரருக்கும் ஒரு கீற்று நீட்டினார். இன்றைக்கு நினைத்தால் அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அன்றைக்கு என் அம்மா மாங்காயை மென்றுகொண்டே என் காதில் சொன்னாள், "இந்தத் தம்பிக்குக் கொஞ்சங்கூட ரோசமே கெடையாது போலயே."

ரோசம். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவரைப் பற்றி எத்தனை பேர் சொல்லிக் கேட்டேன் என்று கணக்கில்லை. டீக்கடைக்காரர் சொன்னார். பஞ்சர் ஒட்டுகிறவர் சொன்னார். எல்லாரும் அவர்மேல் அக்கறை உள்ளவர்கள்தான், அதுதான் எனக்கு ஆத்திரம். ஒருத்தர்கூட மாங்காய் வைப்பவரிடம் போய், ஏனய்யா அந்த ஆளைச் சீண்டுகிறாய் என்று கேட்கவில்லை. சீண்டப்படுபவருக்கு ரோசம் வரவில்லை என்பதுதான் ஊருக்குக் குறையாகப் பட்டது.

தோட்டத்திலும் விடவில்லை. முதலில் வந்து சேரும் ஜீப்பு ஆட்களுக்குச் சமதளத்தில் செடி கிடைக்கும். கடைசியாக வருகிறவர்களுக்குக் கீழ்ச்சரிவு. வழுக்கும், அட்டை மொய்க்கும், குனிந்தால் நிமிர இடம் இருக்காது. மாமா ஜீப்பிலிருந்து நாங்கள் இறங்கும்போது மலையாளத்துச் சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "எந்தா தாமசம்? எந்தா தாமசம்?" என்று தாமதத்துக்குக் காரணம் கேட்பார். அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லிச் சலித்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வேறு ஜீப்புக்கு மாறினார்கள். அம்மாவும் இரண்டு வாரம் முதல் வண்டியில் போனாள். இடுப்பு குலுங்கி வலி கண்டதும் திரும்பி வந்தாள். வலி வராமல் இருந்திருந்தால் வந்திருக்க மாட்டாள், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் மாமாவின் ஜீப்பில் உண்மையாகவே பிள்ளைத்தாச்சிகளும் இடுப்பு வலிக்காரிகளும்தான் மிஞ்சினார்கள். பெயர் அப்படிப் பொருந்திப்போனது.

ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். மாமாவுக்குச் சொந்தம், எங்களுக்கும் அழைப்பு. பந்தியில் அவரும் அவர் மனைவியும் எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட வந்த பையன்களைப் பார்த்து யாரோ தூரத்திலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"ஏப்பா, அந்த எலைக்கு ரெண்டாளுச் சோறு போடுங்கப்பா. புள்ளத்தாச்சி உக்காந்துருக்குல்ல!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. போடிக்காரர்கள் விளக்கம் சொல்ல, தெரியாதவர்களும் தெரிந்துகொண்டு சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே, "போடுங்க, போடுங்க, நல்லாத் திங்கிறேன்" என்றார். அத்தை பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். திரும்பி வரும்போது பஸ்சில் எனக்கு முன் சீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். அத்தை அழவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"ஒரு நாளாச்சும் ஆம்பள மாதிரி ஓட்டித் தொலைங்களேன்."

எனக்கு அத்தைமேலும் கோபம் உண்டு. ஆனால் அந்தப் பந்தியில் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் வேறு எதைச் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

இனி என் பங்கு. ஆயுத பூஜை அன்றைக்கு ஸ்டாண்டில் ஜீப்புகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். தினமும் போகிற பெண்களும் பிள்ளைகளோடு வருவார்கள். எனக்குப் பதினேழு வயது. அந்த வருஷம் முதல் வண்டிக்காரர் புதிதாக ஒன்று ஏற்பாடு செய்திருந்தார். மாமாவின் ஜீப்புக்கு வளைகாப்பு. எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு என்று பொட்டலங்கள் வாங்கி வந்துவிட்டார்கள். பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து பானெட்டில் சுற்றினார்கள். வளையலை மட்டும் மறந்துவிட்டார்கள்.

"ஏத்தா, யாராச்சும் வளவி குடுங்கத்தா! வளவி இல்லாம என்ன வளகாப்பு?"

நான் கொடுத்தேன். யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பச்சைக் கண்ணாடி வளையல், ஒரு டஜன் போட்டிருந்தேன். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் கொடுத்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அது நன்றாக இருந்தது. அந்த வயதில் ஒரு கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. சைடு மிரர் கம்பியில் வளையலை ஒவ்வொன்றாக மாட்டினார்கள். ஒருவர் நலங்குப் பாட்டு பாடினார். முதல் வண்டிக்காரர் சந்தனத்தை வழித்து முதலில் பானெட்டில் தடவினார், பிறகு மாமாவின் இரண்டு கன்னத்திலும் தடவினார்.

அதுவரை மாமா சிரித்துக்கொண்டுதான் நின்றார். சந்தனம் கன்னத்தில் பட்டதும் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. துடைக்கவும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு மிரரிலிருந்து வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நீட்டினார்.

"உன்னுதா ஆத்தா? ஒண்ணுகூட ஒடையல. பத்தரமா வச்சுக்க."

வாங்கிக்கொண்டு, திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பத்து நாளில் அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். மெதுவாகத்தான் மாறினார். முதலில் வளைவுகளில் இறங்குவது நின்றது. பிறகு, யாராவது மாசமாக இருக்கிறீர்களா என்று கேட்பது நின்றது. கேட்காமலே ஒருத்தி முன் சீட்டில் ஏறப்போனால், "பின்னாடி போங்க, பின்னாடி" என்பார், அவள் முகத்தைப் பார்க்காமல். சாக்குகள் காணாமல் போயின. டீயைச் சூடாகவே ஊற்றிக்கொண்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கிளாசைத் தூக்கிப் பலகையில் எறிகிற மாதிரி வைத்துவிட்டு ஏறினார். மழை மாதத்தில் ஒருநாள் எங்கள் ஜீப்பு மூன்று ஜீப்புகளை முந்திக்கொண்டு மேலே போனது. ஜீப்பில் இருந்த பெண்கள் விசில் அடித்தார்கள். என் அம்மா கை தட்டினாள்.

"அப்படிப் போடுங்க தம்பி! இப்பத்தேன் ஆம்பளைக்கு அழகு!"

சூப்பர்வைசர் எங்களுக்குச் சமதளத்தில் செடி கொடுத்தார். மாறிப்போன பெண்கள் திரும்பி வந்தார்கள். பானெட்டில் மாங்காய் வைப்பது நின்றது. ஸ்டாண்டில் அவருக்கு முதன்முதலாக யாரோ டீ வாங்கிக் கொடுத்தார்கள். அத்தை தலையில் பூ வைத்துக்கொண்டு தெருவில் நிமிர்ந்து நடந்தார். நான்கு பக்கத்திலிருந்தும் ஆளுக்கு ஒரு பரிசு, அவர் செய்த ஒரே காரியத்துக்காக: தனக்குச் சரி என்று பட்டதை விட்டுவிட்டதற்காக. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த வேகம் பிடித்திருந்தது.

அடுத்த பறிப்புக் காலத்தில் அக்கா ஐந்து மாதம். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஆள் பற்றாக்குறை என்று தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா, "ரெண்டு வாரந்தான், போயிட்டு வந்துர்றேன்" என்றாள். அம்மா யோசித்தாள். பிறகு, "தம்பி வண்டியில போவோம். என்னதான் இருந்தாலும் அது பாத்து ஓட்டும்" என்றாள். அம்மாவுக்கு அவர் இன்னும் பழைய தம்பிதான். அவர் மாறியதற்குக் கை தட்டியவளே, மாறவில்லை என்று நம்பி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் போகவில்லை. நடந்ததை அம்மாவும் அக்காவும் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்காவால் பின்னால் ஏற முடியவில்லை. அம்மா மாமாவிடம் கேட்டிருக்கிறாள்.

"தம்பி, இவள முன்னாடி உக்கார வைக்கட்டா? மாசமா இருக்கா."

மாமா சரி என்று தலையசைத்திருக்கிறார். அக்கா முன் சீட்டில் ஏறியதை ஸ்டாண்டு பார்த்துவிட்டது. முதல் வண்டிக்காரர் தன் ஜீப்பிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்: "அடேய், பழையபடி ஆரம்பிச்சாச்சுடோய்! மாங்கா கொண்டாங்கடா!" எல்லாரும் சிரித்தார்கள். ஜீப்பில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அக்காவும் வெட்கத்தில் சிரித்தாளாம். முதல் வண்டி கிளம்பியது. மாமா அதன் பின்னாலேயே விட்டார்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டியதுமே அக்கா, "மெதுவா மாமா" என்று சொல்லியிருக்கிறாள். அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. ஐந்தாறு வளைவு ஏறிய பிறகு முதல் வண்டியை முந்தப் பார்த்தார். எதிரே பஸ்சு. மாமா உள்பக்கம் ஒடித்தார். ஜீப்பு மலையோரத்து வாய்க்காலில் இறங்கி, பாறையில் மோதிச் சாய்ந்து நின்றது. வெளிப்பக்கம் ஒடித்திருந்தால் ஒருத்தியும் மிஞ்சியிருக்க மாட்டாள். கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டும் என்று தெரிந்த கை அது. அம்மாவுக்குத் தோளில் எலும்பு முறிவு. மற்றவர்களுக்குச் சில்லறைக் காயங்கள். அக்காவின் பிள்ளை போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் போலீஸ்காரர் ஒருவர் வந்து மாமாவிடம் கேட்டு எழுதினார். நான் பக்கத்துப் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"ஏய்யா, உன்னயப் பத்தி விசாரிச்சா இத்தன வருசத்துல ஒரு கீறல்கூட இல்லங்குறாக. ஏன் இம்புட்டு வேகம்?"

மாமா தரையைப் பார்த்தபடி, "ரோசம் வந்துருச்சுய்யா" என்றார்.

போலீஸ்காரர் பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்துவிட்டு, அதை எழுதவில்லை. அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அந்தத் தாளில் ஓட்டியவர் பெயரை எழுத மட்டும்தான் இடம் இருந்தது. மாங்காய் வைத்தவர், பந்தியில் குரல் கொடுத்தவர், தாமசம் கேட்டவர், கை தட்டியவள், வளையல் கழற்றிக் கொடுத்தவள் யாருக்கும் அதில் இடமில்லை. எனக்கு அன்றைக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

சாயங்காலம் முதல் வண்டிக்காரர் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்தார். அக்காவின் கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார். நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கினார். நான் அவரை வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு போய், "நீங்கதான் இதுக்குக் காரணம்" என்றேன். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"நானா? நானா பாப்பா வண்டிய ஓட்டுனேன்? ஒரு சிரிப்புக்குச் சொல்றதுதான். ஊருக்குள்ள யாரு சொல்லல?"

அக்காவின் மாமியார் வந்து, "மாசமா இருக்கவள யாரு ஜீப்புல ஏறச் சொன்னா?" என்று அக்காவையும் அம்மாவையும் திட்டினார். தெருவும் அதையேதான் கேட்டது. அக்கா ஒரு வருஷம் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகவில்லை. அம்மா மாமாவை மட்டும் சபித்தாள். வாசலில் வந்து நின்றவரை உள்ளே விடவில்லை. அவர் வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டுப் போனார்.

இதற்கு மேல் நடந்ததுதான் எனக்குப் பொறுக்க முடியாதது. லைசென்சை முடக்கி வைத்தார்கள், கொஞ்ச மாதம் சும்மா இருந்தார், பிறகு திரும்ப ஸ்டாண்டுக்கு வந்தார். வந்தவரை யாரும் பழைய பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அத்தனை பேரோடு பாறையில் மோதி உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்த டிரைவர் என்று மரியாதையாகப் பேசினார்கள். உயிர்ச்சேதம் இல்லையாம்! என் அக்கா வயிற்றில் இருந்ததை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. ராக்கெட்டு என்று புதுப் பெயர் வைத்தார்கள். கல்யாண வீடுகளில் "ராக்கெட்டண்ணே வாங்க" என்று முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள்.

போன வருஷம் அம்மாவைப் பார்க்கப் போடி வந்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் மதுரை பஸ்சுக்காக ஸ்டாண்டு வழியாக நடந்தேன். ஜீப்புகள் நின்றன. ஒன்றின் முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ராக்கெட் என்று ஒட்டியிருந்தது. ஸ்டியரிங்கில் மாமா. தலை நரைத்திருந்தது, சட்டையின் மேல் பொத்தான்கள் திறந்து கிடந்தன. பக்கத்தில் போனேன்.

"யாரு, அக்கா மகளா? காலேஜுல டீச்சரா இருக்கியாம்ல. சந்தோசம் ஆத்தா."

நலம் விசாரித்துக்கொண்டோம். அக்காவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து உறும விட்டுக்கொண்டே இருந்தார். என்னால் அடக்க முடியவில்லை.

"மாமா, நீங்க இப்படி ஓட்டுற ஆளு இல்லையே. பனி எறங்குனா ஒவ்வொரு வளைவுலயும் எறங்கிப் போயி எட்டிப் பாத்துட்டு வந்துல்ல ஓட்டுவீக."

"நானா?" என்றார். சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "அப்படியா ஓட்டுனேன்... நெனப்பில்லயே ஆத்தா."

மழுப்பவில்லை. அந்த முகத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஒரு மனுஷரை இவ்வளவு தூரத்துக்கு அவரிடமிருந்தே பிடுங்கிவிட முடியுமா? பிடுங்கியிருக்கிறோம்.

அப்போது ஒரு பெண் தூக்குவாளியோடு ஜீப்புக்குப் பின்னால் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். வயிறு மேடிட்டிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறப்போனாள். நான் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தங்கச்சி, எத்தன மாசம்?"

"ஆறுக்கா."

"இந்த வண்டி வேணாம். வா, நான் பஸ்சுல ஏத்திவிடுறேன்."

அவள் கையை உருவப் பார்த்தாள். நான் விடவில்லை. டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல், "என்ன டீச்சரம்மா, நம்ம ராக்கெட்டு வண்டியில ஆளப் பிரிக்கிறீக?" என்றது. யாரென்று பார்க்கவில்லை. சிரிப்பு கிளம்பியது. ஜீப்புக்குள் இருந்த பெண்கள் குனிந்து எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

"கைய விடுங்கக்கா. எல்லாரும் பாக்குறாக."

திரும்பிப் பார்த்தேன். எல்லாரும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், டீ கிளாசும் கையுமாக. என் முகம் சுட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். எப்போது கையை விட்டேன் என்று தெரியவில்லை. அவள் ஏறி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். ஜீப்பு ஒரு குலுக்கலோடு கிளம்பி, முந்தல் ரோட்டில் பறந்து போனது.

மதுரை பஸ்சில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்து சீட்டில் ஆள் இருந்ததால் கத்தவில்லை.